அலமாரிப் பேயின் இடது கண்

அன்புள்ள நாத்தனாருக்கு,

வலிக்கிறதா என்று கேட்டால் பெருமையோடு சிரிக்கிற மனிதரை என்ன செய்வது? எனக்கு விடை தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் அண்ணன் ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்குப் பூங்காவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். டிக்கெட் கொடுப்பதாகச் சொல்லியிருப்பார். பொய். பேய் வீட்டில் அவர் அலமாரிப் பேய். இருட்டில் ஆட்கள் வரும்போது கதவைத் திறந்துகொண்டு பாய வேண்டும். பயந்தவர்கள் ஓடுவார்கள் என்று நிர்வாகம் நினைத்திருக்கிறது. பாதிப் பேர் ஓடுவதில்லை, அடிக்கிறார்கள். முதலில் கைப்பையால் தாடையில், அப்புறம் குடையால் விலாவில், அதற்கப்புறம் ஒரு பல் வைத்தியர் மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து இவருடைய முன்பல்லை ஆட்டிவிட்டு, வெளிச்சத்துக்கு வந்ததும் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், சரி, ஹெல்மெட்டாவது போட்டுக்கோங்கன்னா, ஹெல்மெட் போட்ட பேயை நீ எங்க பாத்தேன்னு என்னையே கேக்கறார்.

சாப்பாட்டு நேரத்தில் பேய்கள் எல்லாம் சட்டையைத் தூக்கிக் காயங்களை ஒப்பிட்டுப் பார்க்குமாம். அடி வாங்காத பேய்க்கு அங்கே மரியாதை இல்லை. எலும்புக்கூடாக வருகிறவர் நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். "இந்த மாசம் சாருக்குத்தான் மேடம் அதிக அடி. என்னைப் பாத்தா ஜனங்க 'சாப்பிட்டியாப்பா?'ன்னு கேக்கறாங்க" என்று கண் கலங்கினார்.

இப்போது இடது கண் வீங்கியிருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் டாக்டர். "ஒரு கண்ணு போனா இன்னும் பயங்கரமா இருக்கும்ல?" என்கிறார் உன் அண்ணன்.

என் பேச்சு எடுபடவில்லை. நீ சொன்னால் கேட்பார். உடனே வந்து வேலையை விடச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி. உன் கணவர் சிரிக்காமல் இதைப் படித்து முடித்தால் அவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அலமாரி திறந்தது. உன் அண்ணன் கைகளை விரித்துக்கொண்டு ஊளையிட்டார். "கண்ணுக்கு மருந்து போட்டீங்களா?" என்றேன். பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வீட்டுக்கு வந்தவர், "வேலையை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. நீ வந்து, கண் ஆறியதும் அவரைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் எதிர்ப்பட்டபோது, மனசு கேட்காமல், பயந்தவள் மாதிரி வீல் என்று கத்திப் பார்த்தேன்.

"கரப்பான்பூச்சியா?" என்றார்.