மகாராஜனுக்குப் பாராட்டு விழா

"சர்வீஸ் கோடு எண்ணை உள்ளிடவும்" என்று பரோட்டா மாவு பிசையும் மெஷின் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்டது. கடைக்காரன் உச்சிமாகாளி அதன் தலையில் ஒரு தட்டு தட்டினான். மெஷின் அதே வரியை மறுபடியும் காட்டியது, இந்த முறை சிவப்பு எழுத்தில்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அது இப்படித் தானாகப் பூட்டிக்கொள்ளும். கம்பெனி ஆள் வந்து எண்ணெய் விட்டு, முதுகால் மறைத்துக்கொண்டு நாலு எண்களை அழுத்திவிட்டுப் போவார். எல்லா மெஷினுக்கும் பூட்டும் நாளும் ஒன்று, கோடும் ஒன்று. ஆனால் அந்தக் கம்பெனிதான் போன வாரம் மூழ்கிப்போயிருந்தது. 'மகாராஜன் ஃபுட் மெஷின்ஸ்' என்ற பலகையின் மேல் பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முதலாளி மகாராஜனின் போனும் எண்ணெய் விட வரும் ஆளின் போனும் அணைந்து கிடந்தன. முதலாளியை யாரும் நேரில் பார்த்ததில்லை. வியாபாரமெல்லாம் போனில்தான். வாட்ஸ்அப்பில்கூடத் தன் முகத்துக்குப் பதில் கோபுரம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூரில் கல்யாணம். ஆயிரத்தைந்நூறு பரோட்டா. மாப்பிள்ளை துபாயிலிருந்து வருகிறார். இந்த ஆர்டர் ஒழுங்காக முடிந்தால் அடுத்தடுத்த கல்யாணங்களும் உச்சிமாகாளிக்குத்தான். சொதப்பினால் ராஜபாளையம் ரோட்டில் ஆம்லெட் போட்டே ஆயுள் முடியும். கையால் பிசைய ஆள் கிடையாது. மெஷின் வந்த அன்றைக்கே மாவு பிசையும் இரண்டு பேருக்கும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, அனுப்பிவிட்டிருந்தான். இருவரும் இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறார்கள்.

"அந்த முதலாளி கல்யாண நாளைப் போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி ராஜகுமாரி.

"அவன் மூஞ்சியே தெரியாது, கல்யாண நாளு எப்படி ஏட்டி தெரியும்?"

"அப்போ நம்ம கல்யாண நாளைப் போடுங்க."

உச்சிமாகாளிக்கு அது நினைவில் இல்லை. பிரச்சினை இரண்டானது.

ஏதோ மூன்று எண்களை அழுத்தினான். மூன்றும் தவறு. "இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்கவும். நன்றி" என்றது மெஷின்.

புதன்கிழமை எலக்ட்ரீசியன் வேல்ராஜை வரவழைத்தான். வேல்ராஜ் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இந்த மஞ்ச வயரு எதுக்குன்னு தெரியல."

"தெரியாட்டா தொடாதவே."

"தொட்டாத்தானவே தெரியும்."

வெட்டினான். மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "அன்பான வாடிக்கையாளரே, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?"

அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் கேள்வி வந்தது. பிளக்கைப் பிடுங்கினார்கள். உள்ளே பேட்டரி இருந்தது.

"யாரு அந்தப் பிள்ள?" என்றார் மூன்றாம் மேசைக்காரர். "திருப்தி இல்லன்னு சொல்லுங்க. சால்னால உப்பு கூட."

வியாழக்கிழமை 'பாதிக்கப்பட்டோர்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு உதயமானது. சிவகிரி, திருவேங்கடம், கடையநல்லூர் என்று நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று மெஷினும் பூட்டிக் கிடந்தன. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து முடிந்த பிறகு, கடையநல்லூரில் பன் பேக்கரி வைத்திருக்கும் ஷிரின் பானு ஒரு திட்டம் சொன்னாள். ஆளுக்குத் தினம் மூன்று தடவை அழுத்தலாம். பங்கு போட்டு எல்லா எண்ணையும் அழுத்திப் பார்த்துவிடுவது. பெரிய கம்பெனி என்பதால் பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்று கருதி, 9999இலிருந்து கீழே இறங்கினார்கள்.

மாலையில் உச்சிமாகாளி அவளுக்குப் போன் போட்டான். "எம்மா, இது எப்ப முடியும்?"

"கணக்குப் போட்டுட்டேன் அண்ணாச்சி. எழுபத்தெட்டு நாளாவும்."

"அதுக்குள்ள அந்த மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சு துபாய்க்கே போயிருவானேம்மா."

"அப்போ முதலாளியத்தான் பிடிக்கணும்."

அப்போதுதான் உச்சிமாகாளிக்கு அந்த யோசனை வந்தது. ஒளிந்திருக்கிற மனுஷன் போலீஸ் கூப்பிட்டால் வரமாட்டான், வக்கீல் கூப்பிட்டால் வரமாட்டான். சால்வை போர்த்துகிறோம் என்றால் வருவான். சங்கரன்கோவிலில் இதுவரை சால்வையை வேண்டாம் என்றவர் கிடையாது.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டிலும் தேரடியிலும் ஃபிளெக்ஸ் ஏறியது:

'உழைப்பால் உயர்ந்த உத்தமர், சங்கரன்கோவிலின் செல்லப்பிள்ளை, அண்ணன் மகாராஜன் அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா. சனி காலை 11 மணி, ராஜபாளையம் ரோடு குடோனில். விழா நாயகர் தவறாமல் வரவும்.'

"மெஷின் கம்பெனின்னு போடலையா?" என்றாள் ராஜகுமாரி.

"போட்டா உஷாராயிருவான்."

"போட்டோ?"

"யாருகிட்ட இருக்கு?"

போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் இரண்டு சிங்கங்களை வைத்திருந்தார்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கே, கடைக்குப் பக்கத்துக் குடோனில் நாற்பத்து மூன்று பேரும் கூடியிருந்தார்கள். பத்து ஐம்பத்தைந்துக்கே ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுச் சட்டை. புதிதாகச் சாயம் அடித்த மீசை.

"நாந்தான் மகாராஜன்" என்றார் கூச்சத்தோடு.

உச்சிமாகாளி அவரை மேடைக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்தான். "போன்ல குரலு கட்டையா இருக்கும்மா. இவரு கீச்சுங்காரே" என்று ஷிரின் பானுவிடம் கிசுகிசுத்தான்.

"ஒரு வாரமா ஒளிஞ்சு கெடந்தா குரலு தேயத்தான செய்யும் அண்ணாச்சி" என்றாள் அவள்.

சால்வை போர்த்தினார்கள். ஏற்புரை கேட்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் பேசினார்.

"நான் செஞ்ச காரியத்துக்கு இவ்வளவு பேரு கூடுவீங்கன்னு நெனைக்கல" என்று தொடங்கினார். நாற்பத்து மூன்று பேரும் பல்லைக் கடித்தார்கள். "எத்தனையோ பேரு என்னைய ஏசிருக்காங்க. சில பேரு அடிக்கக்கூட வந்திருக்காங்க. நான் எதையும் மனசுல வச்சுக்கிடல."

"பெரிய மனசுதான்" என்று பின் வரிசையில் ஒரு குரல் முனகியது.

"என் மேல ஒரு பைசா குத்தம் சொல்ல முடியாது" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்துடன் உச்சிமாகாளியின் பொறுமை முடிந்தது. சைகை காட்டினான். வேல்ராஜ் ஷட்டரை இழுத்துக் கீழே விட்டான். நாற்பத்து மூன்று பேரும் எழுந்து மேடையைச் சுற்றி நின்றார்கள்.

"ஏற்புரை போதும் அண்ணாச்சி" என்றான் உச்சிமாகாளி. "அந்த நாலு நம்பரச் சொல்லும்."

மகாராஜனின் முகம் வெளிறியது. ஷட்டரைப் பார்த்தார். வேல்ராஜின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினார். சால்வை நழுவி விழுந்தது.

"எந்த நம்பரு?"

"எந்த நம்பருன்னு உமக்கே தெரியும்."

"சொன்னா விட்ருவீங்களா?"

"சொன்னா ஆட்டோவே பிடிச்சு அனுப்புதோம்."

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

ஷிரின் பானு பேக்கரியில் இருந்த தம்பியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எண்ணைச் சொன்னாள். நாலு முறை கீக் கீக் என்றது. பிறகு தடதடவென்று மெஷின் ஓடும் சத்தம் போனில் கேட்டது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நாற்பத்து மூன்று போன்களிலிருந்தும் நாற்பத்து மூன்று மெஷின்கள் தடதடத்தன. திருவேங்கடத்து ஆட்கள் உச்சிமாகாளியைத் தோளில் தூக்கினார்கள். குடோனின் உயரம் குறைவு என்பதால் உடனே இறக்கினார்கள். மகாராஜனை அவர்களே மரியாதையாக ஆட்டோவில் ஏற்றி, சால்வையை மடித்து மடியில் வைத்தார்கள். ஆட்டோ முக்கு திரும்பும்வரை அவர் கையைக் கீழே இறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரத்தைந்நூறு பரோட்டாவும் போய், இன்னும் இருநூறு கேட்டு ஆள் வந்தது. துபாய் மாப்பிள்ளை ஏழு சாப்பிட்டார். பெண்ணின் வாப்பா அடுத்த மாதக் கல்யாணங்கள் இரண்டைக் கையோடு ஒப்படைத்தார். தேரடியில் உச்சிமாகாளிக்கே ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'முதலாளியின் மூளையை வென்ற மூளையே' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு ராஜகுமாரி கல்யாண நாள் விவகாரத்தைத் தள்ளிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை உச்சிமாகாளி கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "கடைசிவரைக்கும் வாயைத் திறக்கமாட்டான்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்று டீ குடிக்க வந்தவர்களிடம் ஒன்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மனுசனைப் பாத்த உடனே அளந்துருவேன். அது ஒரு கலை."

மடித்த சால்வையோடு ஒரு அம்மா உள்ளே வந்து நின்றாள். தன் பெயர் கோமதித்தாய் என்றும், சனிக்கிழமை சால்வை வாங்கிய மகாராஜனின் மனைவி என்றும் சொன்னாள். உச்சிமாகாளி பெருந்தன்மையோடு நாற்காலி காட்டினான். அவள் உட்காரவில்லை. சால்வையை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு தேனிப் பக்கம் முப்பது வருசம் பஸ் கண்டக்டரா இருந்துட்டு போன மாசந்தான் இங்கன குடிவந்தாரு, இந்தச் சால்வைய நீங்களே வச்சுக்கிடுங்க, ஆனா அவரு பயத்துல உளறுன ஏடிஎம் நம்பர மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க."