செத்தவர்களுக்குப் பெரட்டு

ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சலித்தாலும் பெரட்டு மாமாவைப் போல இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். உயிரோடு இருப்பவர்களோடு அவர் பேசியது குறைவு. செத்தவர்களைத்தான் தினமும் அதட்டி வேலை வாங்கினார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை அரைத்த கருங்கல் ஸ்டோர் ஒன்று நிற்கிறது. கூரை பாதி போய்விட்டது. அதன் முதுகோடு ஒட்டிய கல் தொட்டியிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர். விடிகாலையில் அதைத் திறந்துவிடுவது மாமாவின் வேலை. திறக்குமுன் பனிமூட்டத்தைப் பார்த்து நின்று பெரட்டு எடுப்பார். வேலைக்குப் போகுமுன் தோட்டத்தில் ஆள் கூப்பிடுவார்களே, அதேதான். கூப்பிடுவது மட்டும் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள்.

“ராமாயி, வந்துட்டியா? சரி. மாரிமுத்து, இப்பத்தான் வர்றியா? ஒனக்கு இன்னிக்கு அரைப்பேர்தான்!”

செத்தும் அரைநாள் சம்பளமா என்று பகலில் சிரிப்போம். ஆனால் அந்தக் குரல் காலிக் குழாய் வழியே இறங்கி லயத்துப் பைப்பில் வந்து பேசும்போது, குடத்தோடு நிற்கிற யாரும் சிரித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். கண்டி ஆஸ்பத்திரி மருந்தில் தேறிக்கொண்டிருந்தாள். ஒரு காலை பைப் கேட்டது:

“யாரு, செல்லம்மாவா?”

அம்மாவின் பெயர். அதோடு அவள் கஞ்சியைத் தொடவில்லை, மருந்தையும் துப்பினாள். “பேரு வந்திருச்சுடா, போகத்தானே வேணும்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மேலே ஓடினேன். “ஏன் மாமா, உசுரோட இருக்கிறவங்களைக் கூப்பிட்டீங்க?”

“நான் எங்க கூப்பிட்டேன்? அதுவாத்தான் வந்து வரிசையில நின்னுச்சு” என்று ஈரத் தரையைக் காட்டினார். அங்கே வெறுங்கால் தடம் பதிந்திருந்தது. அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே சின்னப் பாதம்.

“எப்படியாவது திருப்பி அனுப்புங்க மாமா” என்று அழுதேவிட்டேன்.

மறுநாள் பைப் அலறியது: “செல்லம்மா! நேரங்கெட்ட நேரத்துல வந்து நிக்கிற? ஒனக்கு இங்க வேலை இல்ல. போ வீட்டுக்கு!”

வேலை செய்த காலமெல்லாம் பெரட்டில் ஒருநாளும் திருப்பி அனுப்பப்படாதவள் அம்மா. போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். “என்னையா வெரட்டுறான்? என்னைய மாதிரி கொழுந்து எடுத்தவ இந்தத் தோட்டத்துல எவடா இருக்கா?”

திட்டத் தெம்பு வேண்டுமே, கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, தொண்டை வற்றும்வரை திட்டினாள். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை மட்டும் காலி ஸ்டோரைத் திரும்பிப் பார்த்து, “அங்க என்ன சிரிப்பு?” என்று அதட்டினார்.

உள்ளே சட்டென்று ஏதோ அடங்கியது.

மாமாவும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இன்னும் அவரைத் திட்டுகிறாள். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, அது அந்த மனுஷன் எனக்குத் தந்துவிட்டுப் போனது.