ரோமிங் இல்லாமல் ஆறு நாள்

அநீதி இழைக்கப்பட்டவர் மனைவி. விமான நிலையத்துக்குக் கார் வர இருபது நிமிடம் இருக்கும்போது, அவருடைய போனிலிருந்து அவருடைய சிம் கார்டு ஓர் ஊக்கு முனையால் நெம்பி எடுக்கப்பட்டது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்தவர் கணவர். பதினெட்டு வருடமாகத் தன் பெயரில், தன் சம்பளத்தில் அந்த எண்ணை மனைவி வைத்திருக்கிறார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவர் தரப்பில் யாரும் இதைச் சொல்லப் போவதில்லை.

கணவருக்கு அலுவலகத்தில் 'நிபந்தனை' என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பவர். பதினோராம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் ஒரு வரியைக் கண்டுபிடித்து, காரை வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவரிடம், "மழைன்னா உண்டு சார், தேங்கின தண்ணி இதுல சேராதே" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புவார்.

மனைவிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதுக் கருவி ஒன்றைப் பழகிக்கொள்ள அலுவலகம் அவரை ஆறு நாள் வெளிநாடு அனுப்புகிறது என்று தெரிந்த அன்றே, நிபந்தனை ரோமிங் விதிகளை அச்செடுத்துப் பச்சை மையால் அடிக்கோடு போட ஆரம்பித்துவிட்டார். ஊக்கைக் கையில் எடுத்தது அந்தப் படிப்பின் முடிவு.

"நீ போன் பண்ணினாத்தான் காசுன்னு நெனச்சிட்டிருக்கே. வர்ற போனை எடுத்தாலும் காசு."

"எடுக்கலைன்னா?"

"வாய்ஸ்மெயிலுக்குப் போகும். அதுக்கும் காசு."

"சும்மா பையில கிடந்தா?"

"பையில கிடந்தாத்தான் ஆபத்தே! நமக்குத் தெரியாம உள்ளுக்குள்ளயே ஏதாவது அப்டேட் பண்ணிட்டிருக்கும்."

"ஒரு ரோமிங் பேக் போட்டுக்கறேங்க. ஆபீஸ்ல எல்லாரும் அதான் பண்றாங்க."

"பேக்கா! ஒரு நாள்னா இருபத்துநாலு மணி நேரம்னு நெனப்பா உனக்கு? அவங்க கடிகாரத்துல பன்னிரண்டு அடிச்சா நாள் முடிஞ்சுபோச்சு. நீ போய் இறங்கறது ராத்திரி பதினொண்ணரைக்கு. அரை மணி நேரத்துக்கு ஒரு நாள் காசு. எட்டாம் பக்கம், பாரு."

சட்டக் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, ஒருத்தரோட சிம்மைக் கழட்டறது அவங்க நாக்கைக் கழட்டி டப்பால போட்டு வெக்கற மாதிரி."

"நாக்குக்கு ரோமிங் கிடையாதும்மா."

"அம்மா! நீ ஏன் பேசாம நிக்கறே? சண்டை போடு!"

அம்மா சண்டை போடவில்லை. கணவரின் உள்ளங்கையில் நகம் அளவுக்குக் கிடந்த சிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டல்ல வைஃபை இருக்கு, மெசேஜ் பண்ணிக்குவேன். ஆனா எனக்கு வர்ற போனெல்லாம்?"

"பழைய போன்ல இதைப் போட்டு நானே பேசிக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"நாளைக்கு நாலு போன் வருமா? அதுல என்ன இருக்கு?"

"சரிங்க," என்றார் மனைவி.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இத்தனை சீக்கிரம் ஒரு 'சரிங்க' வந்ததில்லை. பொடி எழுத்தையெல்லாம் படிப்பவர் எதிரே இருந்த முகத்தையும் ஒரு தரம் படித்திருக்கலாம். படிக்கவில்லை. பழைய போனைத் தேட உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு முதல் போன். தண்ணீர் மோட்டார் ரொம்ப நேரமாக ஓடுகிறது, நிறுத்தட்டுமா என்று குடியிருப்பின் காவலாளி. நிறுத்தச் சொன்னார். ஏழு மணிக்கு முதல் மாடிக்காரர்: குளித்துக்கொண்டிருந்தவர், தலையெல்லாம் சோப்பு, மோட்டாரை நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யார்? எட்டு மணிக்குப் பல் மருத்துவமனை.

"மேடம் இல்லீங்களா? அவங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்குப் பத்தரைக்குப் பல்லு எடுக்கணும். ஞாபகப்படுத்தத்தான்."

"நான்தாங்க அந்த வீட்டுக்காரர். எனக்கே தெரியாதே!"

"உங்ககிட்ட முன்கூட்டியே சொல்ல வேண்டாம்னு குறிப்பு போட்டிருக்கு சார். சொன்னா ஓடிருவீங்களாம்."

அப்போதுதான் நிபந்தனைக்கு ஒரு விஷயம் உறைத்தது. வங்கி, கேஸ், மின்சாரம், மகளின் கல்லூரி, பல், கண், குடியிருப்போர் சங்கம் என்று எந்தப் படிவத்தை நிரப்பினாலும், 'தொடர்பு எண்' என்ற கட்டத்தில் அவர் மனைவியின் எண்ணைத்தான் எழுதிவந்திருக்கிறார். தொந்தரவு இருக்காது பாருங்கள். ஊர் உலகத்தில் அவரைத் தேடுகிறவர்கள் அத்தனை பேரையும் அவரே அந்த ஒரு சிம்முக்குள் அடைத்து வைத்திருந்தார். இப்போது அந்தச் சிம் அவர் சட்டைப் பையில்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, வீங்கிய கன்னத்தோடு அவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கையில், தனி வீட்டில் இருக்கும் அவருடைய அம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, அவன் இன்னும் ஈரத் துண்டைக் கட்டில்மேலதான் போடறானா?"

"அம்மா, நான்தான் பேசறேன்."

"நீ எதுக்குடா எடுக்கறே? அவகிட்ட குடு."

"அவ ஊர்ல இல்லம்மா. சொன்னேனே."

"சரி, நீயே சொல்லு. போடறானா?"

"அம்மா, அந்த அவனே நான்தான்."

"தெரியுதுடா. போடறியா, இல்லியா?"

முட்டி வலி, புது மாத்திரையின் நிறம், ரிமோட்டில் தேய்ந்துபோன பொத்தான் என்று பேச்சு முக்கால் மணி நேரம் போனது. தினமும் இப்படித்தானாம். இது மருமகளின் கணக்கில் ஒரு போன்.

மூன்றாம் நாள் மேலாளரின் கூட்டத்துக்கு நடுவே தையற்காரர். "அக்கா, கழுத்து முன்னாடி எவ்வளவு இறக்கட்டும்?" நிபந்தனை குனிந்து, வாயைப் பொத்தி, "ஏற்கனவே தெச்ச அளவுக்கு மேற்படாமல்" என்று அலுவலக பாணியில் பதில் சொன்னார். மேலாளர் அதைக் குறித்துக்கொண்டுவிட்டார்.

அன்று மாலை மகளிடம் போனை நீட்டினார்.

"நாளைக்கு ஒரு நாள் நீ வெச்சுக்கோயேன்."

"மாட்டேன். கழட்டினது யாரு?"

"சிக்கனத்துக்காகப் பண்ணினேன்மா."

"சிக்கனம்னா அம்மாவைக் கேட்டிருக்கணும். கேக்காம பண்ணினா அதுக்குப் பேரு வேற. எந்தப் பிரிவுன்னு சொல்லட்டுமா?"

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்.

"இந்த நம்பருக்கு வர்றதையெல்லாம் வெளிநாட்டுல ஒரு ஓட்டல் அறைக்குத் திருப்பிவிட முடியுமாம்மா?"

"முடியும் சார். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் வெளிநாட்டுக் கால் கட்டணம் உங்க நம்பர்லயே ஏறும்."

"இதை எங்க போட்டிருக்கீங்க?"

"பத்தாம் பக்கம் அடியில சார்."

புரட்டினார். இருந்தது. கீழே பச்சைக் கோடும் இருந்தது.

அந்தச் சமயத்தில் மனைவியின் மெசேஜ் வந்தது: 'இன்னிக்கு மத்தியானம் சாப்பாடு ஆறாம சாப்பிட்டேன். நடுவுல யாருமே கூப்பிடல. கல்யாணம் ஆனதுல இருந்து இதான் முதல் தடவை. பயிற்சியும் நல்லா போகுது.'

நிபந்தனை அதை இரண்டு தரம் படித்தார். பதிலுக்கு 'எப்ப வர்றே' என்று மட்டும் அனுப்பினார்.

ஏழாம் நாள் காலை வாசலில் கார் நின்றபோது, ஒரு கையில் பழைய போனும் மறு கையில் ஊக்குமாகப் படியிறங்கி ஓடினார். மனைவியின் முகம் தெளிந்து, கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. மகள் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தா, உன் சிம். இனிமே நீ எந்த நாட்டுக்கு வேணா போ, எத்தனை பேக் வேணா போட்டுக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன். போனை நீட்டு, நானே மாட்டி விடறேன்."

"இதுல இடம் இல்லீங்க. வரும்போதே விமான நிலையத்துல புது நம்பர் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன்."

"புது நம்பரா? அப்ப இது? இது உன் பேர்ல இருக்கற நம்பர். எத்தனை வருஷமா வெச்சிருக்கே! எல்லாரும் இதுலதான் கூப்பிடுவாங்க. எங்க அம்மா கூப்பிடுவாங்க!"

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்.

"கார்ல வரும்போது அத்தைகிட்டதான் பேசிட்டு வந்தேன். நீங்க என்னைவிடப் பொறுமையா கேக்கறீங்களாம். அந்த நம்பர் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."