தலை எண்ணும் புதன்கிழமை

முதலில் நூலகத்தை எடுத்தார்கள். பிறகு விளையாட்டுக்கூடத்தை. அதன்பின் மூன்றாம் மாடியை. அதற்கும் பின், அந்த மாடிக்கு ஏறும் படிக்கட்டை. கடைசியில் நடைபாதையின் நடுவே மஞ்சள் கோடு கிழித்து, இந்தப் பக்கம் மாவட்டப் பள்ளி, அந்தப் பக்கம் சார்ட்டர் பள்ளி என்றார்கள். இரண்டுக்கும் அரசாங்கப் பணம்தான். சார்ட்டரை நடத்துவது மட்டும் ஒரு கம்பெனி. இதற்குப் பெற்றோரின் சுதந்திரம் என்று பெயர்.

மாவட்டப் பள்ளிக்காக ஒவ்வொன்றுக்கும் துண்டறிக்கை அடித்து எதிர்த்தவள் வெர்னெட்டா மேப்ரி.

மிச்சிகனில் அக்டோபர் முதல் புதன் தலை எண்ணும் நாள். அன்று பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ, பணம் அங்கே. மறுநாள் பிள்ளையைத் துரத்திவிடலாம். பணத்தைத் துரத்த வேண்டியதில்லை. இந்த முறை நூறு தலைக்குக் குறைந்தால் மாவட்டப் பள்ளியை மூடிவிடுவதென்று உத்தரவு.

சார்ட்டர் இயக்குநர் ஹாஸ்கெல் பீட்சா அடுக்கினார். வெர்னெட்டா டோனட் அடுக்கினாள். பத்து நாளாக வீடுவீடாக அலைந்து பிள்ளைகளை அள்ளிவந்தவள், அன்று காய்ச்சல்காரனையும் கம்பளியோடு தூக்கிவந்தாள். காய்ச்சல் தலையும் தலைதானே! அவள் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலையைக் கணவன் அலோன்சோ பார்த்துக்கொண்டான்.

ஒரு பையன் கோட்டின் இருபுறமும் காலூன்றி நின்றான்.

தணிக்கை அதிகாரி லண்ட்குவிஸ்ட் குனிந்து பார்த்தார். "இடது கால் மாவட்டம், வலது கால் சார்ட்டர். பெரும்பான்மை கிடைக்கலையே. டேய், உனக்குப் பசி எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் சார்."

"இப்போ வாயில என்ன?"

"டோனட்."

"மாவட்டம்!"

எண்ணி முடித்தார். தொண்ணூற்றொன்பது.

"போன வாரம் வரைக்கும் நூறு இருந்துச்சே!" வெர்னெட்டா கத்தினாள். "ஒரு பிள்ளையைக் கடத்திட்டாங்க!"

"யாரும் கடத்தல மேடம்," என்றார் ஹாஸ்கெல். "பெத்தவங்களே வந்து சேர்த்துட்டுப் போனாங்க."

"எவன் அந்தத் துரோகி? பேரைப் படிங்க சார். ஊரே சாட்சியா கேக்கட்டும்!"

"மேடம், ரகசியக் காப்பு விதின்னு ஒண்ணு..." என்று இழுத்தார் லண்ட்குவிஸ்ட்.

"விதியாவது மண்ணாவது! பொதுப்பணத்துல என்ன ரகசியம்?"

கூட்டம் கைதட்டியது. டோனட் தட்டோடு நின்ற அலோன்சோ மட்டும் தட்டையே பார்த்தான். "விடு வெர்னி. நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்."

"நீ சும்மா இரு. படிங்க சார்!"

மக்களின் ஒருமனதான கோரிக்கையை ஏற்று லண்ட்குவிஸ்ட் சார்ட்டரின் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார்.

"மாணவி, டெல்ஃபின் மேப்ரி. சேர்த்தவர், தந்தை, அலோன்சோ மேப்ரி."