கிடங்கு எழுத்தர் தாம் தாமே என்று மெய்ப்பித்த படலம்

ஈராயிரம் பெட்டிகளின் இருப்பிடத்தை ஏடு புரட்டாமலே உரைக்கும் நினைவாற்றலோனும், ஒட்டுநாடா கிழிப்பதில் நிகரிலாத் திண்தோளோனும், மேலாளர் முகம் சுளித்தால் கேட்க வந்த லீவைக் கேட்காமலே திரும்பிவிடும் மென்னெஞ்சினோனுமாகிய கிடங்கு எழுத்தர் வாழ்க! அவர்தம் பத்து விரல்களும் வாழ்க! அவற்றுள் ஒன்பது இப்போரின் இறுதியில் உதவாமற் போயினும் வாழ்க!

போரின் காரணம் கேண்மின். அவருடைய ஒன்பது வயது மகள் வெள்ளிக்கிழமை பிற்பகல் பள்ளி மேடையில் மரமாக நிற்கவிருந்தாள். வசனம் கிடையாது; காற்றடிக்கும்போது அசைய வேண்டும், அவ்வளவுதான். முந்தைய இரண்டு ஆண்டு நாடகங்களையும் சரக்கு வந்து இறங்கிய பாவத்தால் தவறவிட்ட தந்தையார், இம்முறையும் தவறினால் அந்தச் சின்ன முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்ப்பது என்று உள்ளூர நடுங்கினார். மேலாளர் ஒருவழியாகத் தலையசைத்துவிட்டார். ஆனால் லீவு விண்ணப்பம் கணினி வழியே நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்போது மணி மூன்று நாற்பது.

அந்தோ, அன்றுதான் அலுவலகக் கணினிக்கு நாற்பெரும் வாயில்களைக் கொண்ட புதுக் காவல் நடைமுறைக்கு வந்திருந்தது! முதல் வாயிலைக் கடவுச்சொல் என்னும் வேலெறிந்து தகர்த்தார். இரண்டாம் வாயில் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண்ணை அனுப்பி, முப்பது நொடிக்குள் உரைக்கப் பணிக்க, சாப்பாட்டுப் பையின் அடியாழத்தில் கிடந்த கைப்பேசியைத் துழாவியெடுத்து இருபத்தொன்பதாம் நொடியில் உரைத்தார். மூன்றாம் வாயில் கட்டைவிரல் ரேகை கேட்டது. காலை முழுதும் ஒட்டுநாடாவின் பசை படிந்திருந்த அவ்விரலைக் கால்சட்டையில் ஏழு முறை தேய்த்துக் காட்ட, அதுவும் வழிவிட்டது.

நான்காம் வாயிலோ நயவஞ்சகன். திரையில் வரும் பத்தியைத் தட்டெழுதச் சொல்லி, எவ்விசையை எத்தனை நேரம் அழுத்துகிறார், எவ்வெழுத்துக்குப் பின் தயங்குகிறார் என்று நுணுகி நோக்கி, போன வாரம் பதிந்துவைத்த கைநடையோடு ஒப்பிட்டு, இன்னார் இன்னாரே என்று தீர்ப்பளிக்கும் கொடுங்காவலன்! எழுத்தர் பதின்விரலும் பறக்க, பெருமழை தகரக்கூரையில் இறங்கியதுபோல் பத்தியைப் பொழிந்து தள்ளினார். 'நீர் அவர் அல்லர்' என்றது திரை. மறுபடி பொழிந்தார். மறுபடியும் அல்லர். இன்னுமொரு முறை தோற்றால் திங்கட்கிழமை வரை கதவு அடைபடும். மணி மூன்று ஐம்பது.

அழைப்பை ஏற்று விரைந்து வந்த கணினிப் பிரிவு அம்மையார் தம் திரையில் பழைய பதிவை ஆராய்ந்து, திருவாய் மலர்ந்தருளினார்: "சார், நீங்க ரொம்ப நல்லா டைப் பண்றீங்க. அதான் பிரச்சினையே."

போன வாரப் பதிவில் ஒற்றை விரலின் சுவடே இருந்ததாம். நாலு எழுத்துக்கு ஒருதரம் நெடிய மௌனமாம். எழுத்தருக்குச் சுருக்கென்றது. அன்று மனைவி வீட்டுக் குழாயின் கசிவைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்க, இடக்கையில் கைப்பேசியைக் காதோடு அணைத்து, வலக்கைச் சுட்டுவிரலால் தட்டித் தட்டி, இடையிடையே "ம்" கொட்டியபடிதான் அவர் பதிவு செய்திருந்தார். அந்த அரைகுறை மனிதரையே இயந்திரம் அவரென்று நம்பிவிட்டது.

வேறு வழியில்லை. மனைவியை அழைத்தார் வீரர்.

"ஒண்ணும் கேக்காத. எதையாவது பேசிக்கிட்டே இரு."

அவளுக்கென்ன, விஷயத்துக்குப் பஞ்சமா? குழாய் இன்னும் சொட்டுவதில் தொடங்கி, பழுதுபார்ப்பவன் மூன்று நாளாகக் கம்பி நீட்டுவதைத் தொட்டு, நாத்தனாரின் புது மெத்தை வரை சென்றாள். நாலெழுத்து, "ம்." நாலெழுத்து, "அப்படியா." ஒற்றை விரல் வாள்போல் உயர்ந்து உயர்ந்து தாழ, அம்மையார் மூச்சடக்கி நிற்க, சுவர்க்கடிகாரமும் அஞ்சி நகர, மூன்று ஐம்பத்தெட்டுக்கு நான்காம் வாயில் படீரெனத் திறந்தது! விண்ணப்பம் பாய்ந்தது! திசையெட்டும் அதிர, கிடங்கின் பெட்டிகளெல்லாம் செவிமடுக்க, வெற்றி வீரர் கைப்பேசியில் முழங்கினார்:

"லீவு போட்டாச்சு. வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு நான் வர்றேன்."

மறுமுனையில் மனைவி மெத்தைக் கதையைப் பாதியில் நிறுத்தி, "பேசுறது நீங்கதானா?" என்று கேட்டாள்.