தலைக்கட்டு கேட்டு வந்தவர்கள்

வாசலூர்பட்டிக்காரர்கள் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறுவது தெரிந்தது. அதே சமயம் சென்றாயக் கவுண்டரின் இடது கண்ணோரத்தில், ரம்பப் பல் போல ஒரு வெளிச்சக் கோடு மினுக்கத் தொடங்கியது.

அந்தக் கோட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். முதலில் அது வரும். அது மறைந்த கையோடு இடப்பக்க மண்டைக்குள் யாரோ உலக்கையை எடுப்பார்கள். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாசனை ஆகாது. வயிற்றைப் புரட்டும். பொழுது சாய்கிறவரை மனிதர் எதற்கும் உதவ மாட்டார்.

"பாவாயி!" என்றார், தலையைத் திருப்பாமல்.

அந்தக் குரலிலேயே மனைவிக்கு விஷயம் விளங்கிவிட்டது. "வந்துருச்சுங்களா? களி ஒரு வாய் தின்னுட்டுப் போங்கன்னு அத்தனை சொன்னேன். வெறும் வயித்தோட வெயில்ல நின்னு பந்தல் போட்டீங்க. உங்களுக்கு வயிறு காஞ்சாலும் வரும், வெயில் பட்டாலும் வரும். நொச்சியும் சுக்கும் அரைச்சுக் கட்டிடறேன். உள்ள இருட்டுல செத்த நேரம் படுங்க. கோடு தெரியறப்பவே படுத்தா பாதியோட போயிரும்."

"இன்னைக்கா? சம்பந்தி ஊட்டுக்காரங்க வாசலுக்கு வாரப்பவா?"

சந்தைக்குப் போய்வந்த மாரி முந்தின நாள்தான் சேதி சொல்லியிருந்தான்: "வாசலூர்பட்டி அருணாசலக் கவுண்டரு, பையனுக்குத் தலைக்கட்டு கேட்டு உங்க ஊட்டுக்கு வாராருங்க." மலைமேல் இருக்கும் அந்தத் திருப்புலி நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கல்யாணம் முடித்துத் தனி அடுப்பு மூட்டியவனைத்தான் ஊர் ஒரு தலைக்கட்டாகச் சேர்க்கும். பையனுக்குத் தலைக்கட்டு கேட்கிறார்கள் என்றால் பெண் கேட்கிறார்கள்.

கவுண்டருக்கு இருப்பது ஒரே பெண், கண்ணாயி. தை மாதம் வந்த சம்பந்தம், பெண்ணின் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டே திரும்பிப் போயிருந்தது. பெண்ணோடு நோவும் சேர்ந்து வரும் என்று பயந்தார்களாம். பெரியம்மாவின் முழங்காலுக்கே அப்படியென்றால், பெற்ற தகப்பனின் தலைக்கு?

"அரைச்சதைத் தலைப்பாகைக்குள்ள வெச்சுக் கட்டு. வெளிய ஒரு இலை தெரியக் கூடாது" என்றார்.

"அது ஆறுதலாக் கட்டிக்கிட்டுப் படுக்கறதுக்குங்க. அதைத் தலையில வெச்சுக்கிட்டுச் சம்பந்தம் பேசறதுக்கில்ல."

"கட்டுன்னா கட்டு."

பாவாயி கட்டினாள். கவுண்டர் அதன்மேல் தலைப்பாகையை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிக்கொண்டு, பந்தலுக்கு நிமிர்ந்து நடந்தார்.

வந்தவர்கள் மூவர். அருணாசலக் கவுண்டர், அவருடைய அக்கா அத்தாயி, இருவருக்கும் பின்னால் ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்து வந்த பங்காளி நல்லமுத்து. நல்லமுத்து பழத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவன், வாயே திறக்கவில்லை.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க. வெளிய வெயிலு" என்று கவுண்டர் அவர்களைப் பழத்தோடு வீட்டுக்குள் அழைத்துப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

உள்ளே ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை.

"ஏனுங்க, வெளிச்சம் ஆகாதுங்களா?" என்றாள் அத்தாயி, ஆவலோடு.

கவுண்டருக்குச் சுருக்கென்றது. பெண்ணை இருட்டில் காட்டி ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டாளோ?

"வெளிச்சத்துக்கு என்னுங்க? எங்களுக்கு வெளிச்சமுன்னா உசுரு! கண்ணாயி, கதவு எல்லாத்தையும் தொறந்து வுடு, சாமி!"

கதவுகள் திறந்தன. மத்தியான வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. உலக்கை முதல் குத்துக் குத்தியது. கவுண்டர் சிரித்தார். அத்தாயி ஏனோ பெருமூச்சு விட்டாள்.

கண்ணாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தாயி அதை வாங்கிக் குடித்தாளே தவிர, பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் பார்வையெல்லாம் பாவாயியின் கைகளிலேயே இருந்தது. தாயைப் பார்த்துப் பெண்ணை எடை போடுகிறாள், கெட்டிக்காரி என்று கவுண்டர் மனதுக்குள் மெச்சினார்.

"பையன் வரலீங்களா?"

"அவன் வெயில்ல தலை காட்டறதில்லீங்க" என்றார் அருணாசலம், குரலைத் தாழ்த்தி.

"அடக்கமான பையன்!"

அருணாசலம் எதுவோ சொல்ல வாயெடுத்தார். கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "காரியம் சோத்துக்கு அப்புறமுங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து இந்த ஊட்டுல அதுதான் முறை."

இதற்குள் பலாப்பழம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அறுக்காமலே வீடு முழுக்க மணந்தது. கவுண்டரின் வயிறு ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது. அவர் மூக்கை மூடாமல் மூடிக்கொண்டு, "கண்ணாயி, பழத்தைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டாயில வையி" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கொண்டுவந்த சீரை மாட்டுக்கொட்டாயில் வைப்பதாவது!

"பலா வாசம் தலைக்கு ஏறுதுங்களா?" அத்தாயி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்கள் மின்னின.

"தலைக்காவது, ஏறறதாவது! சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். அறு கண்ணாயி, இங்கயே அறு. எனக்குப் பலான்னா அப்படி இஷ்டம்."

கண்ணாயி அப்பாவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அறுத்தாள். கவுண்டர் சுளையை எடுத்து வாயில் போட்டார். போட்டதை விழுங்கினார். விழுங்கியது திரும்பி வர முயன்றது. அதன்மேல் இன்னொரு சுளையைப் போட்டு அடைத்தார். அத்தாயி பின்னால் சாய்ந்து தம்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

சுளை சாப்பிட்ட வேகத்தில் வேர்த்தது. தலைப்பாகைக்குள்ளிருந்து சுக்குச் சாறு நெற்றி வழியாக இறங்கி நேரே இடது கண்ணுக்குள் போனது. கண் எரிந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழுவறீங்களா?" என்று பதறினார் அருணாசலம்.

"ஆனந்தமுங்க."

அத்தாயி மூக்கை உறிஞ்சினாள். "நொச்சி வாசம் வருதே! தம்பி, நொச்சிடா!"

"கொசுவுக்குப் புகை போட்டோமுங்க."

"ஓ" என்றாள் அத்தாயி. சுரத்தே இல்லை.

கவுண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதைச் சரிசெய்தாலும் இவர்கள் முகம் மேலும் வாடுகிறதே. வீட்டைப் பற்றி ஏதோ சந்தேகம் இருக்கிறது. அதை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்ததில் உலக்கை இரண்டானது.

அத்தாயியே தொடங்கினாள். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. மறைக்காமச் சொல்லோணும். இந்த ஊட்டுல ஆருக்காச்சும் ஒத்தத் தலவலி உண்டுங்களா?"

பாவாயி எதையோ சொல்ல வந்தாள். கவுண்டர் முந்திக்கொண்டார்.

"தலவலியா? எங்க வம்சத்துலயா? கலெக்டர் துரை குதிரை மேல வந்தப்ப, மலையே குனிஞ்சு நின்னுச்சு. எங்க அப்பன் தலைப்பாகையோட நிமிந்து நின்னாரு. துரையே கீழ எறங்கி வந்து பேசினான். அப்பேர்ப்பட்ட தலைங்க இந்த ஊட்டுத் தலைங்க. நோவுன்னா என்னன்னே எங்க தலைங்களுக்குத் தெரியாது. எழுதி வெச்சுக்குங்க!"

அருணாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப வாரமுங்க."

"என்னுங்க இது? சாமைச் சோறு வெந்துக்கிட்டு இருக்குது. கோழி அடிச்சாச்சு."

"இல்லீங்க. பையன் தனியாக் கெடக்கறான். நாங்கதான் ஊடு தெரியாம வந்துட்டோம்" என்றாள் அத்தாயி.

கவுண்டர் பெண்ணைப் பார்த்தார். அடுப்பங்கரை வாசலில் கண்ணாயி பலாச்சுளைத் தட்டோடு நின்றாள். இரண்டாவது சம்பந்தமும் வாசல் வரை வந்து திரும்பிப் போனது என்று நாளைக்கு மலை முழுக்கப் பேசும். இந்தத் தலை இருந்து என்ன பிரயோசனம்?

அந்த வீட்டில் பெண்ணைக் கொடுக்கும் சம்மதத்தை வாயால் சொல்வதில்லை. பெற்றவர் எழுந்து நின்று, தாடை நெஞ்சில் படத் தலையை ஒரு முறை அசைக்க வேண்டும். அசைத்துவிட்டால் அதற்கு மாற்றுக் கிடையாது. கேட்பவர்கள் கேட்ட பிறகுதான் அசைப்பது வழக்கம். ஆனால் கேட்கும் முன்பே கொடுத்தால் எவன் எழுந்து போவான்?

கவுண்டர் எழுந்து நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். குனிந்தார்.

இரண்டு உலக்கைகளும் ஒன்றாக விழுந்தன. தாடை நெஞ்சில் பட்டது. தலைப்பாகை அவிழ்ந்து காலடியில் விழுந்தது. மண்டை முழுக்க நொச்சி இலையும் சுக்குக் குழம்புமாகக் கவுண்டர் ஒரு கணம் நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். தின்ற சுளைகள் அத்தனையும் அவரைவிட வேகமாக அங்கே போய்ச் சேர்ந்தன.

"அப்பா தலையில செடி மொளைச்சிருக்குது!" என்றாள் கண்ணாயி.

"கம்முனு இரு புள்ள" என்று பாவாயி ஓடிவந்தாள். அவரை நிழலில் உட்கார வைத்தாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள். ஈரத்துணியை விரித்துப் புது நொச்சியைப் பரப்பி, கண்ணும் சேர்ந்து மூடும்படி, இறுக்காமலும் தளர்த்தாமலும் தலையைச் சுற்றிக் கட்டினாள். "செத்த நேரம் பேசாதீங்க. அசையாதீங்க. கொறைஞ்சதும் நீராகாரம் தாரேன்."

கட்டுக்குள் இருட்டாக இருந்தது. உலக்கை கொஞ்சம் மெத்தென்று விழுந்தது. எல்லாம் போயிற்று என்று கவுண்டர் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் அத்தாயியின் குரல் கேட்டது. அது அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"இதுதானுங்க! இதுக்குத்தானுங்க வந்தோம்! தம்பி, பாத்தியாடா, எப்படிக் கட்டறாங்கன்னு! நம்ம பையன் பொழைச்சான்!"

கவுண்டரின் நெஞ்சு விம்மியது. இவர்கள் அல்லவா பெரிய மனிதர்கள்! நோவைக் கண்ட பிறகும் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கண் கட்டியிருந்தாலும் குரல் பழைய கம்பீரத்துக்குத் திரும்பியது.

"நான் தலையாட்டுனது ஆட்டுனதுதானுங்க. நல்ல நாள் பாருங்க. எம் பொண்ணை எப்பக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

அதுவரை வாயே திறக்காத நல்லமுத்துதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பொண்ணுங்களா? எங்க பையனுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்குதுங்க. உங்க ஒத்தத் தலவலிக்கு அம்மா கட்டற இந்தத் தலைக்கட்டுத்தான் மலை முழுக்கப் பேரு, அந்தப் பக்குவத்தைக் கேக்கத்தானுங்க வந்தோம்!"