பூசணியும் பாதிச் சவரமும்

மூன்றாவது கரண்டி பூசணி மசியலும் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

சலூன்காரர் துண்டால் துடைத்தார். குழந்தை நாற்காலியில் பட்டை மாட்டி, கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஏழு மாத மகள், முகத்தைச் சுளித்தபடி அடுத்ததையும் துப்பத் தயாராக இருந்தாள்.

மனைவி பிரசவ விடுப்பு முடிந்து இன்றுதான் வேலைக்குப் போயிருந்தாள். "ஊரையே தலைகுனிய வைக்கிறவன் நான். ஒரு பாப்பாவை வாய் திறக்க வைக்க மாட்டேனா?" என்று காலையில் வீராப்பு பேசி அனுப்பியிருந்தார். மதியம் வந்ததும் அவள் முதலில் கிண்ணத்தைத்தான் பார்ப்பாள்.

மனைவிக்குப் போன் போட்டார். "கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?"

"சர்க்கரை, உப்பு, தேன் எதுவும் வேண்டாம். கெட்டியா இருந்தா எடுத்து வச்ச தாய்ப்பால் கொஞ்சம் விட்டுக் கரைச்சுக்கோங்க. தலையைத் திருப்பிக்கிட்டா திணிக்காதீங்க."

கரைத்தார். கெட்டியாக இருந்தவரை கண்ணாடியோடு நின்றது. நீர்த்த பிறகு, பக்கத்து நாற்காலியில் பாதிச் சவரத்தோடு காத்திருந்த தபால்காரரின் கழுத்து வரை போனது.

"அண்ணே, என் மீதிப் பாதி?"

"இதோ சார், ஒரே ஒரு வாய்."

ரேடியோவைப் போட்டார். மகள் உற்சாகமாகக் காலை உதைத்ததில் சீப்புத் தட்டு கவிழ்ந்தது. பெஞ்சில் காத்திருந்த இருவரும் உதவிக்கு வந்தார்கள். ஒருவர் கை தட்டினார், இன்னொருவர் பூனை மாதிரி கத்தினார். மகள் அவர்கள் பக்கமே திரும்பிக்கொண்டு, கரண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அருமையா இருக்கும்டா கண்ணு, ஒரு வாய்" என்று சலூன்காரர் கெஞ்சினார்.

மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சுளித்தாள். துப்பினாள்.

தபால்காரர் எழுந்துவிட்டார். ஒரு கன்னத்து நுரையைத் துடைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மகளின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார்.

"கொடுங்க இப்படி. ஆ..."

மகள் வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். கிண்ணம் காலியானது.

சலூன்காரருக்கு ஒரு பக்கம் பூரிப்பு, ஒரு பக்கம் ரோஷம். "பூசணியே பிடிக்கலைன்னு நினைச்சேன். அப்படி என்ன சார் மந்திரம் போட்டீங்க?"

"பூசணி பிடிக்காதது பாப்பாவுக்கு இல்லண்ணே, உங்களுக்கு. கரண்டியைத் தூக்குறப்பல்லாம் நீங்க சுளிக்கிறதைக் கண்ணாடியில பார்த்துதான், அவளும் அப்பா மாதிரியே சுளிச்சுக்கிட்டு இருந்தா."